முப்பத்திமூணுன்னு எழுதுனது நான்தான்

நான் ரிட்டயர்டு ஆளு. வயசு முப்பத்தொண்ணு. சிரிக்காதீங்க. ஓசூர்ல ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில பதினொரு வருஷம் இரும்பு காய்ச்சிட்டு வெளிய வந்தவன். சால்வ போடல, சாமி படம் குடுக்கல, குரூப் போட்டோ எடுக்கல. கேட்டு வரைக்கும் செக்யூரிட்டி கூடவே வந்து ஹெல்மெட்ட வாங்கிக்கினாரு, அவ்ளோதான். அதுக்கு ரிட்டயர்மெண்டுன்னு நானே பேரு வச்சிக்கினன். இப்ப உத்தனப்பள்ளியிலருந்து தக்காளி, கோஸு, பட்டன் ரோஸு ஏத்திக்கினு ஓசூர் மார்க்கெட்டுக்கு லோடு வண்டி ஓட்றன்.

போன வாரம் அதே கம்பெனியில புதுசா சேந்த ட்ரெய்னிப் பசங்க ரெண்டு பேரு யார்கிட்டயோ என் நம்பர வாங்கி போன் பண்ணானுங்க. “வேடிண்ணா, மறுபடியும் இங்கிலீஷ் கிளாஸ் ஆரம்பிச்சிருக்காங்க. அதே கிளைமேட் சேஞ்சு நியூஸுதான். அட்ஜெக்டிவ், ஆட்வெர்ப். உங்க பழைய நோட்டு இருந்தா ஜெராக்ஸ் எடுத்துக்கறோம்”னானுங்க.

எனக்கு வந்துச்சி பாருங்க ஒரு கோவம். “அந்த நோட்டு எச்.ஆர் பீரோவுல பூட்டிக் கெடக்குது, போய்க் கேளுங்கடா. உங்களுக்கும் என்ன மாதிரி ரிட்டயர்மெண்ட் குடுப்பாங்க”ன்னு சொல்லிட்டு போன வச்சிட்டன். அப்புறம் யோசிச்சன். சொல்லாம வுட்டா நான் பண்ண அதே வேலைய அவனுங்களும் பண்ணுவானுங்க. நான் பண்ணது சின்ன வேல இல்ல. அதனால எழுதறன். எழுத்துப் பிழை இருந்தா கண்டுக்காதீங்க, பத்தாவதுல ரெண்டு வாட்டி பெயிலானவன். ரெண்டு வாட்டியும் இங்கிலீஷு.

ஊரு சிங்காரப்பேட்டை. மூணாவது வாட்டி பரிட்ச எழுதப் போறன்னு ஊட்ல சொல்லிட்டு பஸ் ஏறி ஓசூர் வந்து எறங்கிட்டன். ட்ரெய்னிங் கதையெல்லாம் இழுக்க மாட்டன். மொத வருஷம் தர கூட்டுனன், ரெண்டாவது வருஷம் கிரீஸ் வச்சன், மூணாவது வருஷம் ஹீட்டர் பேனல்ல ஒக்காந்தன், ஏழாவது வருஷம் பர்மனெண்ட் ஆனன். முடிஞ்சிச்சி.

ஃபோர்ஜிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்த. கைத்தடி மொத்தத்துல இரும்புத் துண்டு வரும், பில்லட்டுன்னு சொல்லுவோம். ஹீட்டர்ல வுட்டா அந்தப் பக்கம் பழுத்துப்போய் ஆரஞ்சுக் கலர்ல வெளிய வரும். ஹாமர்காரன் நீள இடுக்கியால புடிச்சி டைன்னு சொல்ற அச்சு மேல வைப்பான். மேலருந்து ஹாமர் எறங்கும். பூமி ஆடும். ரெண்டு அடியில வண்டி பார்ட்ஸு ரெடி. இரும்பு ஒட்டிக்காம இருக்க கிராஃபைட் தண்ணி அடிப்பாங்க, அது பொகையா கெளம்பி மூஞ்சி, மூக்கு, எச்சி எல்லாம் கருப்பாவும். நிமிஷத்துக்கு மூணு பில்லட்டு. நின்னா போச்சி, மொத்த லைனும் நிக்கும்.

எங்க ஹாமர்காரன் முனிராஜு. சானமாவு காட்டு ஓரத்து ஊரு. அவங்க அப்பா காலம் வரைக்கும் கூலி வேலதான், இவன்தான் மொதல்ல கம்பெனிக்குள்ள வந்தவன். ஊட்ல தெலுங்கு, கடையில கன்னடம், கம்பெனியில தமிழு, ஹாமர் முன்னாடி மூணுலயும் கெட்ட வார்த்த. எட்டு வருஷமா காண்ட்ராக்டு. டெம்பரவரிங்கறது ஒரு அட்ஜெக்டிவுன்னு பின்னாடி கிளாஸ்ல சொல்லிக்குடுத்தாங்க. எட்டு வருஷமா ஒரே அட்ஜெக்டிவுல இருந்தான் மனுசன்.

எங்க ஷிப்ட் இன்சார்ஜு கோபிநாத் சாரு. இவர பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லணும். கத்த மாட்டாரு. திட்ட மாட்டாரு. “டேய்” கூட கெடையாது, “தம்பி”தான், “கண்ணு”தான். தப்பு பண்ணா கேபினுக்கு கூப்ட்டு ஒக்கார வைப்பாரு. ஏசிக் காத்துல ஒடம்பு சில்லுன்னு ஆனவொடனே நமக்கு பாதி கோவம் எறங்கிடும். அப்புறம் சட்ட பாக்கெட்ல இருந்து பேனாவ எடுத்து, மூடியக் கழட்டி, கைக்குட்டையில நிப்ப தொடச்சி, நம்ம பக்கம் நீட்டுவாரு. “நீயே எழுதிடுப்பா. உன் கையெழுத்து அழகு.” எது எழுதணும்னாலும் நம்ம கையிலதான் எழுத வைப்பாரு. மெஷின் நின்ன காரணம், லேட்டா வந்த காரணம், வெரல் நசுங்குன காரணம், எல்லாம். அவரு கையால கீழ ஒரு குட்டிக் கோடு, அது அவரு இனிஷியலாம். பதினொரு வருஷத்துல அந்தாளு முழுசா ஒரு வரி எழுதி நான் பாத்ததில்ல.

ஷிப்ட் லாக் புக்க எழுதற வேல என்னுது. ஏன்னா என் கையெழுத்து அழகு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி பில்லட் சூடு, டை சூடு, ஷாப் டெம்பரேச்சர் எல்லாத்தயும் கட்டத்துல போடணும். மொத ரெண்டும் பேனல்லயே தெரியும். ஷாப் டெம்பரேச்சருக்குத்தான் ஒரு தெர்மாமீட்டரு. அது எங்க மாட்டியிருந்துச்சி தெரியுமா? கோபிநாத் சார் கேபின் கதவுக்குப் பக்கத்துல. கதவு தொறக்கறப்பல்லாம் ஏசிக் காத்து அது மேலதான் அடிக்கும். தெர்மாமீட்டருக்கே ஜலதோஷம் புடிக்கும். அதுக்கும் ஹாமருக்கும் நடுவுல நாப்பது அடி தூரம். நடந்து போய் பாத்துட்டு வர்றதுக்குள்ள ரெண்டு பில்லட்டு போயிடும்.

அதனால என்ன பண்ணுவன், காலையில ஆறு மணிக்கு வந்தவொடனே அன்னைக்கு முழுசுக்கும் சேத்து எழுதிடுவன். ஆறு மணிக்கு இருவத்தெட்டு, எட்டு மணிக்கு முப்பது, பத்து மணிக்கு முப்பத்திரெண்டு, பன்னெண்டுக்கு முப்பத்திமூணு, ரெண்டு மணிக்கு முப்பத்திமூணு. நான் மட்டும் இல்ல, மூணு ஷிப்டுலயும் இதான் வழக்கம். இதுக்கு நாத்து நடறதுன்னு பேரு. வரிசையா நட்டுட்டா அப்புறம் கவல இல்ல பாருங்க. கோபிநாத் சாரே காலையில வந்து, “என்ன வேடியப்பா, நாத்து நட்டாச்சா?”ன்னு கேட்டுட்டு சிரிச்சிக்கினே கோடு போட்டுட்டுப் போவாரு. ரெண்டு மணிக் கட்டத்துக்கும் சேத்து, காலையில ஆறரைக்கே.

நானும் சிரிச்சன். அதச் சொல்லாம வுட முடியாது.

அந்த நேரத்துலதான் இங்கிலீஷ் கிளாஸ் வந்துச்சி. வெளிநாட்டு கஸ்டமரு, “உங்க கம்பெனி சுற்றுச்சூழலுக்கு என்ன பண்ணுது, உங்க ஆளுங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா”ன்னு ரெண்டு கேள்வி கேட்டிருக்கான். எங்க எச்.ஆர் மேனேஜர் ரெண்டயும் ஒரே சட்டியில போட்டு கிண்டிட்டாரு. கிளைமேட் சேஞ்சு நியூஸ வச்சி இங்கிலீஷ் கத்துக்குடுக்கணும்னு முடிவு. ஏ ஷிப்ட் முடிஞ்சி கேண்டீன்ல ஒரு மணி நேரம். மூஞ்சியெல்லாம் கரியோட இருவது பேரு, தட்டு கழுவுற சத்தத்துக்கு நடுவுல.

சொல்லிக்குடுக்க வந்தவங்க இசக்கி மிஸ்ஸு. திருநெல்வேலிப் பக்கம். என்னவிட நாலு வயசு சின்னது. எங்கள எல்லாம் அண்ணேன்னு கூப்புடும், நாங்க மிஸ்ஸுன்னு கூப்புடுவோம். பேப்பர்ல வந்த நியூஸ கத்திரிச்சி ஒட்டிக்கினு வரும்.

“இங்க பாருங்கண்ணே. ஐஸ் உருகுது. இது நியூஸு. எந்த மாதிரி ஐஸ்னு கேட்டா வாரது அட்ஜெக்டிவ். எப்படி உருகுதுன்னு கேட்டா வாரது ஆட்வெர்ப். ஐஸ் ஈஸ் மெல்ட்டிங் ரேபிட்லி, வேகமா உருகுது. யாராச்சும் ஒரு வாக்கியம் சொல்லுங்க பாப்போம்.”

நான் கைய தூக்குனன். “கோபிநாத் சார் ஈஸ் மெல்ட்டிங் ஸ்லோலி.”

கேண்டீனே சிரிச்சிச்சி. மிஸ்ஸும் சிரிச்சிட்டு, “தப்பில்ல, ஆனா அவர் காதுல வுழாம சொல்லுங்க, எனக்கும் வேல வேணும்”னுச்சி.

ஒரு நாளு பனிக்கரடி நியூஸு. ஐஸு இல்லாம எலும்பும் தோலுமா ஒரு கரடி. மிஸ்ஸு, “இதுக்கு அட்ஜெக்டிவ் சொல்லுங்க”ன்னுச்சி. ஹங்ரி, வீக், தின்னுன்னு ஆளாளுக்கு சொன்னானுங்க. முனிராஜு பின்னாடி பெஞ்சில இருந்து, “லக்கி”ன்னான்.

“லக்கியா? ஏன் முனிராஜண்ணே?”

“அதுக்கு வேர்க்குதுன்னு ஒலகமே போட்டோ எடுத்து அழுவுது மிஸ். எனக்கு வேர்த்தா, ஃபேன இந்தப் பக்கம் திருப்பி வைடான்னா இந்த வேடி திருப்ப மாட்டேங்கறான்.”

அதுக்கும் சிரிச்சோம். ஆனா ஒண்ணு சொல்றன், அந்த நியூஸெல்லாம் சும்மா போவல. சிவியர்லி, அன்யூஷுவல்லி, டேஞ்சரஸ்லி, ஒவ்வொரு வார்த்தையா உள்ள எறங்குச்சி. ஓசூர்னா சில்லுன்னு இருக்கும், பேன் இல்லாம தூங்கலாம்னு நான் வந்த புதுசுல சொல்லுவாங்க. அதெல்லாம் எப்பவோ போச்சி. எங்க தலைக்கு மேல நடக்கறதுக்கு பேரு இருக்குதுன்னே அந்த கேண்டீன்லதான் தெரிஞ்சிச்சி.

ஒரு நாளு மிஸ்ஸு ஹோம்வர்க் குடுத்துச்சி. “நீங்க வேல செய்யுற எடத்த பத்தி மூணு வாக்கியம். ஒரு அட்ஜெக்டிவ், ஒரு ஆட்வெர்ப் கண்டிப்பா வரணும். கத விடக்கூடாது, பேப்பர்காரங்க மாதிரி பாத்து எழுதணும்.”

பாத்து எழுதணும்னதும் எனக்குள்ள குசும்பு. அடுத்த நாளு சாப்பாட்டு நேரத்துல அந்தத் தெர்மாமீட்டர கழட்டிக்கினு போயி, முனிராஜு நிக்கற எடத்துல அவன் தோள் ஒசரத்துக்கு புடிச்சன். அஞ்சு நிமிஷம். நாப்பத்தெட்டுல நின்னுச்சி.

“ஏம்ரா, எனக்கு ஜொரம் பாக்கறியா?”ன்னான் முனிராஜு.

“ஆமா, உனக்கு நாப்பத்தெட்டு. நீ செத்து ரெண்டு நாளாவுது”ன்னன்.

நோட்டுல எழுதுனன். மை ஹாமர் ஏரியா ஈஸ் டேஞ்சரஸ்லி ஹாட். டெம்பரேச்சர் ஈஸ் ஃபார்ட்டி எய்ட். முனிராஜ் ஸ்டேண்ட்ஸ் தேர் டெய்லி. மிஸ்ஸு செவப்பு மையில டிக் போட்டு, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுச்சி. போட்டுட்டு நிமிந்து பாத்துச்சி.

“அண்ணே, நெசமாவா? நாப்பத்தெட்டா?”

நான் அங்க ஆமான்னு சொல்லியிருக்கணும். “சும்மா மிஸ், மார்க்குக்காக அடிச்சி வுட்டன்”னு சொல்லிட்டு பல்ல காட்டுனன். நெசம்னு சொன்னா லாக் புக் பேச்சு வரும், நாத்து நட்டது வெளிய வரும்னு பயம். எனக்குத்தான் பர்மனெண்டு வேல இருக்குதே.

இப்ப அந்த நாளு.

சித்திர மாசம். வெளிநாட்டு கஸ்டமருங்க வர்றாங்கன்னு கம்பெனியே பெயிண்ட் வாசத்துல நாறுது. அவங்க கையால தோட்டத்துல மரக்கன்னு நடறாங்களாம், சுற்றுச்சூழலுக்கு. அதுக்கு ஒரு பந்தல். காலையில எட்டு மணிக்கு ரெண்டு பேரு வந்து ஹாமர் கிட்ட இருந்த மேன் கூலர தள்ளிக்கினு போனாங்க. மேன் கூலர்னா ஆள் ஒசரத்துல இருக்கற பெரிய காத்தாடி. முனிராஜுக்கு இருந்த ஒரே காத்து அதான்.

“சார், அது போனா இங்க நிக்க முடியாது சார்”னான் முனிராஜு.

கோபிநாத் சாரு அவன் தோள்ல கைய வச்சாரு. “ரெண்டு மணி நேரம் கண்ணு. அவங்க வெயில்ல நிக்கணும்ல? பாவம், குளிரு நாட்டுக்காரங்க.”

பூமி சூடாவுதுன்னு மரம் நட வந்தவங்களுக்கு காத்து. அந்த பூமியில நெருப்பு முன்னாடி நிக்கறவனுக்கு ஒண்ணும் இல்ல. இத எந்த ஆட்வெர்ப் போட்டு எழுதறதுன்னு இசக்கி மிஸ்ஸுதான் சொல்லணும்.

பத்து மணிக்கு முனிராஜு இடுக்கியோடவே என் பக்கம் வந்தான். “வேடி, தல சுத்துதுரா. கண்ணு ரெண்டா தெரியுது.”

நான் என்ன சொன்னன் தெரியுமா? “பனிக்கரடி மாதிரி நடிக்காத மச்சி, உனக்கெல்லாம் எவனும் போஸ்டர் அடிக்க மாட்டான்”னன். அவனும் லேசா சிரிச்சான். போயி கோபிநாத் சார்கிட்ட சொன்னான். “தண்ணி குடிச்சிட்டு நில்லு கண்ணு, கஸ்டமருங்க இப்ப உள்ள வருவாங்க, லைன் ஓடணும்”னாராம். திரும்பி வந்து நின்னான். பதினோரு மணிக்குப் பாத்தன், அவனுக்கு வேர்வையே இல்ல. சட்ட காஞ்சி போய் உப்பு பூத்திருக்குது. வேர்க்காம இருந்தா நல்லதுதானேன்னு நெனச்சன். அவ்ளோ அறிவு எனக்கு.

பதினொன்ற மணிக்கு இடுக்கி கீழ வுழுந்த சத்தம். ஆரஞ்சுக் கலர்ல பில்லட்டு உருண்டு ஓடுது, அதுக்கு ஒரு மொழம் தள்ளி முனிராஜு கெடக்கறான். ஒடம்ப தொட்டா அடுப்புல வச்ச சட்டி மாதிரி இருக்குது. தெலுங்குல ஏதோ ஒளறுறான். ஸ்கிராப் அள்ளற ட்ராலியில தூக்கிப் போட்டு தண்ணி ஊத்திக்கினே வெளிய தள்ளுனோம். முன் கேட்டுல கஸ்டமருங்க கார் நிக்குதாம், ஆம்புலன்ஸ பின் கேட்டுக்கு சுத்தி வரச் சொல்லிட்டாங்க. ஆம்புலன்ஸ்ல ஏறி நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டன். நாங்க உள்ள நொழையறப்ப மணி பன்னெண்டு. சாயங்காலம் வரைக்கும் அங்கதான் இருந்தன். டாக்டரு, “சூட்டுல அடிபட்டு கிட்னி பாதிச்சிருக்குது, ரெண்டு நாள் போனாத்தான் சொல்ல முடியும்”னாரு. அவன் சம்சாரம் லட்சுமம்மா சுவத்த புடிச்சிக்கினு நின்னுச்சி. என்ன பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சி. “அண்ணா, காலையில நல்லாத்தானே போனாரு?”

மூணாவது நாளு எச்.ஆர் ரூமுக்கு கூப்புட்டாங்க. எச்.ஆர் மேனேஜரு, பக்கத்துல கோபிநாத் சாரு. நடுவுல ஆக்சிடெண்ட் ரிப்போர்ட்டு, இங்கிலீஷ்ல டைப் அடிச்சி ரெடியா இருக்குது. அது வேலயில நடந்த விபத்துன்னு இருந்தாத்தான் முனிராஜு வைத்தியத்த கம்பெனி பாக்கும், வேலயும் போவாது. ஊட்லருந்தே ஒடம்பு சரியில்லாம வந்தான்னு இருந்தா, அன்ஃபிட்டுன்னு காண்ட்ராக்டரு பேர அடிச்சிட்டுப் போயிட்டே இருப்பாரு. அது எனக்கு நல்லா தெரியும்.

“படிக்கத் தெரியாட்டி நான் சொல்றன்”னாரு மேனேஜரு.

“கத்துக்குடுத்திருக்கீங்க சார், படிக்கறன்”னன்.

படிச்சன். எழுத்துக்கூட்டித்தான் படிச்சன், ஆனா படிச்சன். ராத்திரியெல்லாம் கேழ்வரகுக் கொல்லையில யானை வெரட்டிட்டு, ஆல்ரெடி டயர்டா வேலைக்கு வந்தானாம். ஷாப் டெம்பரேச்சர் நார்மல், முப்பத்திமூணு. சொந்த ஒடம்பு பலவீனத்தால மயக்கம். கீழ சாட்சி கையெழுத்துக்கு கோடு, அதுல என் பேரு.

ஆல்ரெடி டயர்டு. நார்மல். வீக். கேண்டீன்ல ஒக்காந்து பனிக்கரடிக்கு தேடுன அதே வார்த்தைங்க. இங்க ஒரு மனுசன குழியில தள்றதுக்கு வரிசையா நிக்குதுங்க. எனக்கு காது மடலு வரைக்கும் கொதிச்சிச்சி.

“சார், அவங்க ஊருக்கு யான வர்றது நெசம். ஆனா அன்னைக்கு அவன் தூங்கிட்டுத்தான் வந்தான். அவன் சம்சாரத்தக் கேளுங்க.”

கோபிநாத் சாரு பேனாவ எடுத்தாரு, மூடியக் கழட்டுனாரு, நிப்ப தொடச்சாரு, நீட்டுனாரு. “உணர்ச்சிவசப்படாத கண்ணு. லாக் புக்க பாரு, முப்பத்திமூணு. நாங்க எழுதலயே. உன் கையெழுத்துதான?”

லாக் புக்க தொறந்து வச்சாரு. அழகான கையெழுத்து. பன்னெண்டு மணி, முப்பத்திமூணு. ரெண்டு மணி, முப்பத்திமூணு.

நான் பைக்குள்ள இருந்து இங்கிலீஷ் நோட்ட எடுத்துப் போட்டன். “இதுவும் என் கையெழுத்துதான் சார். நாப்பத்தெட்டு. மிஸ்ஸு தேதி போட்டு கையெழுத்து வச்சிருக்காங்க.”

மேனேஜரு ஒரு பார்வ பாத்துட்டு சிரிச்சாரு. “இது ஹோம்வர்க்குப்பா. அந்தம்மாகிட்டயே நீ மார்க்குக்காக அடிச்சி வுட்டன்னு சொன்னியாமே? கேட்டுட்டோம். இது கத. அது ரெக்கார்டு.”

பாத்து எழுதுனது கதையாம். பாக்காம எழுதுனது ரெக்கார்டாம். கோவத்துல எனக்கு சிரிப்பு வந்திடுச்சி. ஆனா யார் மேல கோவப்படறது? கதன்னு சொன்னதும் நானு, ரெக்கார்டு எழுதுனதும் நானு. அவங்க புதுசா எதையும் செய்யல, நான் குடுத்தத எடுத்து வச்சிக்கினாங்க, அவ்ளோதான்.

லாக் புக்க மறுபடியும் பாத்தன். அப்பத்தான் கண்ணுல பட்டுச்சி.

“சார், ஒரு சந்தேகம். அன்னைக்கு பன்னெண்டு மணிக்கு நான் எங்க இருந்தன்?”

“ஆஸ்பத்திரியில”ன்னாரு மேனேஜரு.

“ரெண்டு மணிக்கு?”

“அங்கதான்.”

“அப்ப இந்த ரெண்டு முப்பத்திமூணையும் எழுதுனது யாரு சார்? ஆம்புலன்ஸ்ல இருந்து கைய நீட்டி எழுதுனனா?”

கோபிநாத் சாரு நீட்டுன பேனா நீட்டுன மாதிரியே இருந்துச்சி.

“நானே சொல்றன் சார். காலையில ஆறு மணிக்கு எழுதுனன். அன்னைக்கு மட்டும் இல்ல, நாலு வருஷமா தெனமும். முப்பத்திமூணுன்னு எழுதுனது நான்தான், எல்லாம் பொய்யி. எதிர்ல சார் போட்ட கோடும் காலையில போட்டதுதான்.”

மேனேஜரு மொகம் மாறுச்சி. “என்ன சொல்றன்னு தெரிஞ்சிதான் சொல்றியா? ரெக்கார்டுல பொய் எழுதுனா டிஸ்மிஸ்.”

“தெரியும் சார். டிஸ்மிஸ் லெட்டர்ல காரணம் எழுதுங்க. நாத்து நட்டான்னு எழுதுங்க. அதே பக்கத்துலதான் பில்லட் சூடும் இருக்குது, கஸ்டமரு அதப் பாத்துத்தான் பார்ட்ஸு வாங்கறான். ஒரு கட்டம் பொய்னா பக்கத்துக் கட்டத்த அவன் நம்புவானா?”

இத நான் பிளான் பண்ணி சொல்லல. வாய்க்கு வந்துச்சி, சொன்னன். ஆனா அந்த ரூம்ல அவங்களுக்கு முனிராஜுக்காக வராத பயம், அந்தக் கட்டத்துக்காக வந்துச்சி. என்ன வெளிய ஒக்கார வச்சாங்க. அர மணி நேரம். உள்ள கோபிநாத் சார் கொரலு கேட்டுச்சி. மொத தடவையா கத்துனாரு.

மறுபடி கூப்புட்டப்ப ரிப்போர்ட்டு வேற. வேல செய்யற எடத்துல அதிக வெப்பத்தால மயங்கி வுழுந்தாரு, வேலயில நடந்த விபத்துன்னு இருந்துச்சி. ஆல்ரெடி டயர்டு போச்சி, யானை போச்சி, முப்பத்திமூணு போச்சி. பக்கத்துல இன்னொரு பேப்பரு. அது எனக்கு. பர்சனல் ரீசனால நானே வேலய வுட்டுப் போறனாம். பர்சனலும் அட்ஜெக்டிவுதான். நோட்ட அவங்க எடுத்துக்கினாங்க. மொதல்ல முனிராஜு ரிப்போர்ட்டுல மேனேஜரு கையெழுத்து போட்டு சீல் அடிக்கற வரைக்கும் பாத்தன். அப்புறம்தான் என் பேப்பர்ல கையெழுத்து போட்டன். அவன் ரிப்போர்ட்டுக்கு ஒரு ஜெராக்ஸ் குடுங்க சார்னு கேட்டு வாங்கி, மடிச்சி பாக்கெட்ல வச்சன். பதினொரு வருஷம் அஞ்சே நிமிஷத்துல முடிஞ்சிச்சி.

ராத்திரி இசக்கி மிஸ்ஸு போன் பண்ணுச்சி. அழுவுச்சி. “நீங்க நெசம்னு சொல்லியிருந்தா அன்னைக்கே போய் கேட்டிருப்பேன்லாண்ணே. என்கிட்ட ஏன்ணே பொய் சொன்னிய?”

ரெண்டு வாரம் கழிச்சி முனிராஜு கட்டில்ல எழுந்து ஒக்காந்தான். கிட்னி தப்பிச்சிச்சி, ஆனா நெருப்பு முன்னாடி இனிமே நிக்கவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. கம்பெனி பேக்கிங் செக்‌ஷன்ல போடறன்னு ஒத்துக்கினுச்சி. அன்னைக்குத்தான் அந்த ஜெராக்ஸ அவன் கையில குடுத்தன். கொஞ்சம் பெருமையாத்தான் குடுத்தன், பொய் சொல்லக்கூடாது.

“எனக்கு இங்கிலீஷு வராது. நீ படிரா”ன்னான்.

வெரல வச்சி வார்த்த வார்த்தையா படிச்சி தமிழ்ல சொன்னன். “வேல செய்யும்போது... தொழிலாளி... அதிக வெப்பத்தால... சடன்லி... மயங்கி வுழுந்தாரு.”

“சடன்லின்னா?”

“ஆட்வெர்ப். எப்படி வுழுந்தன்னு சொல்றது. திடீர்னு வுழுந்துட்டியாம்.”

முனிராஜு என்னயே பாத்தான். கோவம்னு சொல்ல முடியாது. புரியாத மாதிரி பாத்தான்.

“திடீர்னு எங்கரா வுழுந்தன்? எட்டு மணிக்கு சொன்னன், ஃபேன எடுக்காதீங்கன்னு. பத்து மணிக்கு சொன்னன், தல சுத்துதுன்னு. உங்கிட்டதான் மொதல்ல சொன்னன்.”



நான் பாக்கெட்ல இருந்த பேனாவ எடுத்து, சடன்லிய அடிச்சிட்டு, மேல ஸ்லோலின்னு எழுதுனன். முனிராஜு வாங்கிப் பாத்தான். எழுத்து அழகா இருக்குதுன்னான். மடிச்சி தலகாணிக்கு அடியில வச்சிக்கினான்.

அது ஜெராக்ஸு. ஒரிஜினலு கம்பெனி ஃபைல்ல இருக்குது. அதுல இன்னைக்கும் அவன் சடன்லியாத்தான் வுழுவுறான்.